35 கோடி வந்துச்சு... ஆனா அது வருமானம் இல்ல!

"சார், வேலையை விட்டுட்டு சொந்தமா கேம் பண்ணலாம்னு இருக்கேன்."

ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பி, கிளம்புற நேரத்துல இப்படிச் சொன்னார். வயசு 27, ஐடி வேலை. கையில 5 லட்சம் சேமிப்பு, மாசச் செலவு 40,000. "ஒரு வருஷம் தாங்கும் சார். கோஜி இகராஷியைப் பாருங்க. வேலையை விட்டார், அப்புறம் ஒரே மாசத்துல 35 கோடி சம்பாதிச்சார்" என்றார்.

எனக்கு 'சம்பாதிச்சார்' என்ற வார்த்தைதான் இடிச்சது.

இகராஷி, ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் 1990-ல் புரோகிராமராகச் சேர்ந்தவர். 1997-ல் வந்த 'கேஸில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்' கேமுக்கு உதவி இயக்குநர். பிறகு அந்த வரிசை கேம்களுக்கே புரொட்யூசர். கேம் புரொட்யூசர்னா நம்ம சினிமா தயாரிப்பாளர் மாதிரி சொந்தப் பணம் போடுறவர்னு நினைச்சுடாதீங்க. பட்ஜெட், தேதி, ஆட்கள் இந்த மூணையும் கட்டி மேய்க்கிறதுதான் வேலை. கொனாமியில் இருந்தவரை அவரும் நம்மள மாதிரி ஒரு சம்பளக்காரர்தான்.

2014 மார்ச்சில் வேலையை விட்டார். 2015 மே மாதம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 'பிளட்ஸ்டெயின்ட்' என்ற புது கேமுக்காக ரசிகர்களிடம் பணம் கேட்டார். கேட்டது 5 லட்சம் டாலர். வந்தது 55 லட்சம் டாலருக்கு மேல். கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட 65,000 பேர். அன்றைய மதிப்பில் சுமார் 35 கோடி ரூபாய். தம்பி சொன்ன கணக்கு இதுதான்.

ஆனா இதை நான் லாப நஷ்டக் கணக்குல வருமானமா எழுத மாட்டேன். பேலன்ஸ் ஷீட்ல கடன், பொறுப்புகள் இருக்கிற பக்கம், 'வாடிக்கையாளர் முன்பணம்'னு எழுதுவேன். கல்யாணத்துக்குச் சமையல்காரர் வாங்குற அட்வான்ஸ் மாதிரி. பந்தி முடியிற வரைக்கும் அது அவர் சம்பாத்தியம் இல்ல, கொடுத்த வாக்கு. அதிலயும் தளத்துக்கு 5% கமிஷன், பேமென்ட் கட்டணம் தனி.

தம்பி கவனிக்காத இன்னொரு விஷயம். மொத்த பட்ஜெட்டில் சுமார் 90 சதவீதத்துக்கு வேற ஏற்பாடு இருக்குன்னு சொல்லித்தான் இகராஷி ரசிகர்கள்கிட்டயே வந்தார். இந்த கேமுக்கு வாங்க ஆள் இருக்குன்னு பெரிய பணம் போடுறவங்களுக்குக் காட்டத்தான் அந்த 5 லட்சம் டாலர். 24 வருஷ அனுபவம், பெயர் தெரிஞ்ச ரசிகர் கூட்டம், பேசி வச்ச முதலீடு. இத்தனையும் இருந்தும் என்ன ஆச்சு?

2017 மார்ச்சில் தர்றேன்னு சொன்ன கேம், 2019 ஜூனில்தான் வந்தது. 22 மாசத் திட்டம் 49 மாசம் இழுத்தது. நடுவுல மற்ற ஸ்டூடியோக்களையும் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. சொன்ன சில வெர்ஷன்களைக் கைவிட்டார்கள். ஆனா கேம் நல்லா வந்தது. 2020-க்குள் 10 லட்சம் பிரதிகள் விற்றன.

இது ஜெயிச்சவர் கதை. கெய்ஜி இனாஃபூனே இன்னொரு பெரிய புரொட்யூசர். 1987 முதல் காப்காம் நிறுவனத்தில் இருந்து, 'மெகா மேன்' கேம்களால் பெயர் வாங்கி, 2010-ல் வெளியே வந்தவர். 2013-ல் 'மைட்டி நம்பர் 9' கேமுக்கு 67,000 பேருக்கு மேல் சேர்ந்து 38 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பணம் ஏற ஏற வாக்குறுதியும் ஏறியது: இந்தக் கன்சோல், அந்தக் கையடக்கக் கருவி என்று. 2015 ஏப்ரலில் வரவேண்டியது 2016 ஜூனில் வந்தது, வரவேற்பும் மோசம். 18 மாசத் திட்டம், ஆனது 32 மாசம்.

பட்ஜெட்டும் தேதியும் பார்க்கிறதையே தொழிலா வச்சிருந்த ரெண்டு பேருக்கே இப்படின்னா, முதல் கேம் பண்ற நமக்கு?

தம்பியோட கணக்கை மறுபடி போட்டோம். 12 மாசம் 24 ஆனா, 40,000 வீதம் 9.6 லட்சம். கையில இருக்கிறது 5 லட்சம். துண்டு விழுறது 4.6 லட்சம். கம்பெனி கொடுத்த ஹெல்த் இன்ஷூரன்ஸும் வேலையோட போயிடும், அந்த பிரீமியம் தனி. சம்பள சிலிப் இல்லாதவருக்கு பர்சனல் லோன் லேசுல கிடைக்காது. கடைசியில அம்மாவோட நகைதான் அடகுக்குப் போகும். தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

"கனவைக் கலைக்கிறீங்களே சார்"னு சிலர் கோபப்படுவீங்க. நான் வேலையை விடாதீங்கன்னு சொல்லல. இகராஷியோட துணிச்சலை மட்டும் காப்பியடிக்காம, அவர் போட்ட வரிசையையும் காப்பியடிங்கன்னுதான் சொல்றேன். வேலையில இருக்கும்போதே சனி, ஞாயிறுல ஒரு சின்ன டெமோ பண்ணுங்க. சொந்தக்காரங்க, நண்பர்கள் அல்லாத பத்துப் பேராவது அதுக்குக் காசு கொடுப்பாங்களான்னு பாருங்க. யார்கிட்டயாவது அட்வான்ஸ் வாங்கினா தனி அக்கவுண்ட்ல போடுங்க; அதை வீட்டு வாடகைக்குத் தொடாதீங்க.

ரிசிக்னேஷன் மெயில் அடிக்கிறதுக்கு முன்னாடி, உங்க திட்டத்துல இருக்கிற மாசங்களை ரெண்டால பெருக்குங்க. அத்தனை மாசச் செலவும் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் கையில இருந்தா தைரியமா அனுப்புங்க. இல்லைன்னா அந்த மெயில் இன்னும் கொஞ்ச நாள் டிராஃப்ட்லயே இருக்கட்டும்.