ராத்திரி பத்து மணிக்கு வயரைப் பிடுங்கலாமா?

காஞ்சன்பாக் பக்கம் குடியிருக்கிற நம்ம ஊர்க்காரங்க வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல்: "எந்நேரமும் கேம். சாப்பிடக் கூப்பிட்டா எழுந்து வரமாட்டேங்கிறான்."

மக்களே, ஆட்டத்தில் ரெண்டு வகை இருக்கு. தனியா அரக்கனோட மோதுறவன் செத்தா நஷ்டம் அவனுக்கு மட்டும்தான். கூட்டா மோதுறது வேற கதை. 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் மோல்டன் கோர் குகைக்கு 40 பேர் வரை சேர்ந்து போவாங்க. அடி வாங்கச் சிலர், காயம் ஆற்றச் சிலர், தாக்க மத்தவங்க. வைத்தியம் பார்க்கிறவங்க பாதியில் கழண்டுக்கிட்டா மொத்தக் கூட்டமும் காலி. 2005-ல் பரவின லீராய் ஜென்கின்ஸ் வீடியோ ஞாபகம் இருக்கா? நண்பர்கள் திட்டம் போட்டுக்கிட்டிருக்க, அவன் தன் பேரைக் கத்திக்கிட்டு உள்ளே ஓடுவான், எல்லாரும் சாவாங்க. நடிச்சு எடுத்ததுதான், ஆனா பாடம் நிஜம்.

ஊர் மாறி வந்த பிள்ளைக்கு, விட்டுட்டு வந்த நண்பர்களோட சேர்ந்து விளையாட மிச்சமிருக்கிற மைதானம் பல நேரம் இதுதான். அதனால வயரைப் பிடுங்காதீங்க. "எத்தனை மணிக்கு முடியும்?"னு ஆரம்பிக்கும் முன்னாடியே கேளுங்க. சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்கணும். கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கு மாதிரிதான் அம்மாவுக்குக் கொடுத்ததும்.

தனி ஆட்டமா? அதுக்கெல்லாம் தோசை ஆறக்கூடாது, சொல்லிட்டேன்.