துண்டு கொடுத்தால் போதுமா? ஊவா தோட்டப்புற மாணவர்களின் சுகாதாரம்

பாடசாலை வைத்தியப் பரிசோதனை எமது நாட்டுக்குப் புதிய விடயமல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்த எம்.ஓ.எச். முறைமையின் ஓர் அங்கம் அது. 200 மாணவர்களுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 மாணவர்களும், அதைவிடச் சிறிய பாடசாலைகளில் எல்லா மாணவர்களும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது விதி. உயரம், நிறை, பார்வை, செவிப்புலன், பல், இருதயம் எல்லாம் பார்க்கப்படுகின்றன. வாராந்தம் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மருந்து, தரம் 7இல் தடுப்பூசி, 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி ஆகியனவும் இலவசமாகவே கிடைக்கின்றன. அயல்நாடுகள் பலவற்றோடு ஒப்பிடுகையில் இது பெருமைப்படத்தக்க ஏற்பாடு.

ஆனால் பதுளை மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளைப் பொறுத்தவரை கேள்வி வேறொன்று. பரிசோதனையில் குறை காணப்பட்ட பிள்ளைக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது?

இக்கேள்வியின் கனத்தை ஒரு புள்ளிவிபரம் உணர்த்தும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 வீதம். அன்று ஐந்து வயதுக்குட்பட்டிருந்த அப்பிள்ளைகளே இன்று பசறையிலும் ஹப்புத்தளையிலும் ஹல்துமுல்லையிலும் நடுத்தர, மேல் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அதற்குப் பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்களின் வெளியேற்றமும் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தை உலுக்கின. ஏனைய பிள்ளைகளைவிடப் பின்தங்கியே பள்ளிக்கூடம் வந்த ஒரு தலைமுறைக்கு, பாடசாலை வைத்தியப் பரிசோதனைதான் பலவேளைகளில் ஒரு வைத்தியர் ஆறுதலாக உடம்பைத் தொட்டுப் பார்க்கும் ஒரே சந்தர்ப்பம்.

அந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடோ இருதயத்தில் ஐயத்துக்குரிய ஓசையோ கண்டறியப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறார். தியத்தலாவை, வெலிமடை ஆதார வைத்தியசாலைக்கு அல்லது பதுளைப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிகிச்சை இலவசம். ஆனால் அங்கே போவது இலவசமல்ல.

தோட்டத்தில் வேலை செய்யும் தாய் ஒருவர் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதென்றால் அன்றைய பேர் போய்விடும். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதன் பின்னர் சம்பளம் கூடினாலும் விடுபட்ட நாளுக்குக் காசில்லை என்பது மாறவில்லை. டிவிஷனிலிருந்து பிரதான வீதிக்கு நடை அல்லது முச்சக்கர வண்டி, பிறகு ஒன்றோ இரண்டோ பஸ். காலையில் நம்பர் எடுத்தால் பகலைத் தாண்டியும் காத்திருக்க வேண்டும். 'அடுத்த மாதம் வாருங்கள்' என்றால் இன்னொரு பேரும் போகும். இப்படியிருக்கும்போது, ஓடி விளையாடும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவை என்ற துண்டு வீட்டில் எங்கோ செருகப்பட்டுக் கிடப்பதில் ஆச்சரியமில்லை. தாயின் அக்கறையின்மை என்று அதைச் சொல்வது அநியாயம்.

இரண்டாவது தடை மொழி. தமிழ் அரச கரும மொழியாகி பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆயினும் ஊவாவின் சுகாதாரப் பணிமனைகளில் தமிழ் பேசும் ஊழியர்களுக்கு இன்னும் தட்டுப்பாடுதான். துண்டில் எழுதப்பட்டிருப்பது என்ன, அது அவசரமா, எந்த நாளில் எந்த அறைக்குப் போவது என்பவற்றைத் தாய்க்கு அவரது மொழியில் சொல்ல ஆளில்லாவிட்டால் பாதி வழியிலேயே விடயம் நின்றுவிடும்.

மூன்றாவது தடை நிர்வாகம். 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணப் பாடசாலைகளும் ஆரம்ப சுகாதார சேவையும் மாகாண சபையின் பொறுப்பு. ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் கீழேயே நிர்வாகம் ஓடுகிறது. கல்வித் திணைக்களத்தையும் சுகாதாரத் திணைக்களத்தையும் ஒரே மேசைக்கு அழைத்துக் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதிகள் சபையொன்று அங்கு இல்லை. தோட்ட வைத்தியசாலைகளில் ஒரு பகுதியை மாத்திரமே அரசு பொறுப்பேற்றிருப்பதால் தோட்டக் கம்பனி ஒரு பக்கம், அரசு மறுபக்கம் என்று பொறுப்பு மேலும் சிதறுகிறது.

'சுரக்ஷா' மாணவர் காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2017இல் தொடங்கி, இடையில் தடைப்பட்டு, 2024இல் மீண்டும் வந்த அத்திட்டம் நல்லதுதான். வைத்தியசாலைக்குப் போனவரின் செலவில் ஒரு பகுதியை அது ஈடுசெய்யும். போகவே முடியாதவருக்கு அதனால் பயனில்லை.

இது தோட்ட மக்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று வாசகர் எவரும் எண்ண வேண்டியதில்லை. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவை முஸ்லிம் பாடசாலைகளின் பிள்ளைகளும் இதே எம்.ஓ.எச். பணிமனைகளையும் இதே வைத்தியசாலை வரிசைகளையும் மொழித் தடையையுமே சந்திக்கிறார்கள். எமக்கென்று மேலதிகமாக ஒரு விடயமும் உண்டு. ரமழான் விடுமுறை காரணமாக முஸ்லிம் பாடசாலைகளின் தவணைகள் ஏனைய பாடசாலைகளிலிருந்து வேறுபடுகின்றன. ஆறு மாத இடைவெளியில் போட வேண்டிய எச்.பி.வி. இரண்டாவது ஊசியும் வாராந்த மாத்திரையும் தவறாதிருக்க, வருட ஆரம்பத்திலேயே அதிபர்கள் தமது நாட்காட்டியை எம்.ஓ.எச். பணிமனைக்குக் கொடுத்துத் திகதிகளை உறுதிசெய்துகொள்வது நல்லது. தலசீமியா நோயாளர் அதிகமுள்ள மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அந்நோயுள்ள பிள்ளைக்கு வைத்திய ஆலோசனையின்றி இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது பாதகமாகும். ஆகவே பிள்ளையின் நோய் விபரத்தைப் பெற்றோர் மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லிவைக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. இந்தியா 2013இல் தொடங்கிய சிறுவர் சுகாதாரத் திட்டத்தில், நடமாடும் குழுக்கள் பாடசாலைகளில் கண்டறியும் பிள்ளைகளை அனுப்பிவைக்க மாவட்ட மட்டத்தில் தனி நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. கண்டறிதலும் சிகிச்சையும் ஒரே திட்டத்துக்குள் வர வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். தவணைக்கு ஒரு நாளாவது, துண்டு பெற்ற பிள்ளைகளுக்கென்றே கண், காது, இருதயக் கிளினிக் ஒன்றை அண்மித்த வைத்தியசாலையில் ஒதுக்கலாம். அன்றைக்குப் பிள்ளைகளை ஒரே வாகனத்தில் கூட்டிச் செல்லலாம். துண்டைக் காட்டும் பெற்றோருக்கு அன்றைய பேரை முழுதாகப் போடுமாறு தோட்டக் கம்பனிகளைத் தொழிற்சங்கங்கள் வலியுறுத்த வேண்டும். துண்டு தமிழிலும் அச்சிடப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பெயர்ப் பதிவேடு வேண்டும். துண்டு பெற்றவர் யார், போனவர் யார், போகாதவர் ஏன் போகவில்லை என்பதைத் தவணை முடிவில் அதிபரும் பி.எச்.ஐ.யும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நினைத்தால் இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.

ஊவாவின் நகரங்களில் கடை வைத்திருக்கும் எமது வர்த்தகர்களின் வாழ்வு தோட்ட மக்களின் சம்பள நாளோடு பின்னிப் பிணைந்தது. பள்ளிவாசல் நிருவாகங்களும் வர்த்தக சங்கங்களும் ஸதகா நிதியிலிருந்து ஒரு வேன் வாடகையை, சில மூக்குக் கண்ணாடிகளைப் பொறுப்பேற்பது பெரிய காரியமல்ல. அந்த வேனில் முஸ்லிம் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் சேர்ந்தே போகட்டும். கரும்பலகை தெரியாத காரணத்தால் 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று பெயர் வாங்கிப் பாடசாலையை விட்டு விலகும் ஒரு மாணவனையாவது இந்த வருடம் தடுத்துவிட முடியும்.