பிழையை மறைத்தலும் பிழையைத் திருத்தலும்

திருமயம் மலையடிவாரத்துச் சிவன் குடைவரையில் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. குடுமியான்மலையில் நமக்குக் கிடைத்திருக்கும் புகழ்பெற்ற கல்வெட்டுக்கு இனமானது. பிற்காலத்தில் அவ்விடத்தில் வேறொரு சாசனம் பொறிப்பதற்காகப் பழைய எழுத்துகளை அழித்துவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பவை சிதறிய சில சொற்களே. புதிய சாசனம் தன் காரியத்தைச் செவ்வனே செய்திருக்கும். இழந்தது இன்னதென்று சொல்லத்தான் எவருமில்லை.

கெர்னல் நிரலில் கம்பைல் பிழை நீக்குவோர் பலர் செய்வதும் இத்தகைய காரியமே என்பது என் எண்ணம். கெர்னல் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று இரண்டையும் ஆள்வது. லினக்ஸ் கெர்னல் மூன்று கோடி வரிகளுக்கும் மேற்பட்டது, ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது. நேற்று வரை பிழையின்றித் தொகுக்கப்பட்ட டிரைவர் ஒன்று புதிய பதிப்பில் தடுக்கி விழுவது அன்றாட நிகழ்ச்சி.

ஓர் உதாரணம். குறித்த நேரத்தில் ஒரு பணியைத் தொடங்கிவைக்கும் டைமர் வசதியின் பழைய வடிவம் 4.15ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அப்பதிப்பு வெளியானது 2018 ஜனவரியில். அதுவரை, நேரம் வந்ததும் அழைக்கப்படும் சார்புக்கு நிரலர் தாமே சேமித்து வைத்த ஓர் எண் கிடைக்கும். பெரும்பாலும் அது அவருடைய தரவின் முகவரியாக இருக்கும். புதிய முறையில் கிடைப்பதோ டைமரின் முகவரி. பழைய டிரைவரைக் கம்பைலர் ஏற்க மறுக்கிறது. ‘இது சரியான வகைதான், நம்பு’ என்று ஒரு வகைமாற்றுக் குறியை இட்டால் போதும், கம்பைலர் வாயடைத்துவிடும். தொகுப்பு வெற்றி! ஆனால் டைமர் ஒலிக்கும் வேளையில், டைமரின் முகவரியையே தன் தரவென்று எண்ணிச் சார்பு எழுதத் தொடங்கும்; நினைவகம் சிதையும். முறையான திருத்தம், டைமரின் முகவரியிலிருந்து அதைத் தாங்கிநிற்கும் தரவின் முகவரியைக் கணித்துக்கொள்வது. அதற்கு வேண்டியது இரண்டே வரிகள். ஆனால் அவ்விரண்டு வரிகளை எழுத, மாற்றம் ஏன் வந்தது என்று படித்தாகவேண்டும்.

பிழைச்செய்தியைத் தேடுபொறியில் இட்டு, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் இட்டு, செய்தி மறைந்தால் போதுமென்று நகர்வோர் இந்தப் படிப்பைத்தான் இழக்கிறார்கள். அவசரத்திற்கு என்ன செய்வது என்று கேட்கலாம். சொந்தக் கணினியில் சோதித்துப் பார்ப்பவர் எப்படியும் செய்துகொள்ளட்டும். பிறர் கையில் கொடுக்கப்போகும் நிரலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவி, கெர்னலின் ஒவ்வொரு திருத்தத்தையும் அதன் காரணத்தோடு சேர்த்து வைக்கிறது. எந்தப் பழைய மாற்றத்தால் பிழை விளைந்ததோ அதையும் திருத்துவோர் குறிப்பிடுவது மரபு. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்தார்களே, அதே நேர்மை இது. மூலத்தைத் தொட்டவர் தாம் தொட்ட இடத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நம் மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிக்கிறோம். பிறர் நிரலைப் படிக்கவும், திருத்தியதற்குக் காரணம் எழுதவும் கற்பிப்பதில்லை. தமிழில் அதை எழுதப் பழக்கினாலும் நன்றே. கம்பைலரின் மௌனத்தைவிட அந்த ஒரு பத்தி அதிக காலம் பயன்படும்.