யாலவில் சிறுத்தைப் படம்: சங்கத்தின் நிலைப்பாடு

யால தேசியப் பூங்காவின் முதலாம் பிரிவு ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. உலகில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களுள் அது ஒன்று. சிங்கமும் வரிப்புலியும் இல்லாத இலங்கைக் காட்டில் சிறுத்தையை வேட்டையாடும் விலங்கு வேறில்லை. அதனால் அது பட்டப்பகலிலும் பாறைமேல் படுத்திருக்கும், மண்பாதையில் நடந்துவரும். அந்தத் துணிவே இன்று அதற்கு வினையாகியிருக்கிறது.

பூங்காவுக்குள் செல்லும் ஜீப்புகளின் எண்ணிக்கை பற்றிய விவாதம் மீண்டும் எழுந்திருப்பதால் எங்கள் புகைப்படச் சங்கத்தின் செயற்குழு இவ்வறிக்கையை வெளியிடுகிறது.

வாகன வரம்பைச் சங்கம் கொள்கையளவில் ஆதரிக்கிறது. அதன் அளவைச் சாரதிகளின் வருமானத்தையும் கருத்திற்கொண்டு உரிய தரப்பினர் பேசித் தீர்மானிப்பது விரும்பத்தக்கது. வறட்சிக்காலத்தில் பூங்காவை மூடும் வழக்கம் தொடர வேண்டும்.

ஆனால் முதன்மையான கேடு கைப்பேசி அழைப்பு. ஒரு சாரதி சிறுத்தையைக் கண்டதும் மற்றவர்களுக்குச் செய்தி பறக்கிறது. மணிக்கு 25 கிலோமீற்றர் என்ற வேக எல்லை புழுதியில் மறைகிறது. பாலை மரக் கிளையில் காலைத் தொங்கவிட்டுக் கிடந்த விலங்கு தலை நிமிர்த்துகிறது. காதுகள் பின்னால் மடிகின்றன. இறங்கிப் பாதையைக் கடக்க வந்தால், முட்டிமோதி நிற்கும் ஜீப்புகளுக்கிடையே ஓரடி இடமில்லை. எதிர்ப்புறப் புதரில் குட்டிகளை விட்டுவந்த தாயாக இருந்தாலும் திரும்பிப் போகவேண்டியதுதான். அந்தத் திரும்பிய முதுகையும் விடாமல் படம் எடுக்கிறார்கள்.

இதற்குச் சாரதியை மட்டும் குறைசொல்வது வசதியான பொய். விடியுமுன் வாயிலில் வரிசையில் நிற்கும்போதே “சிறுத்தை கிடைக்குமா?” என்று கேட்பவரும், கிடைத்தால் கூடுதல் டிப்ஸ் என்று ஆசைகாட்டுபவரும், “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கள்” என்று தோளைத் தட்டுபவரும் கமராவோடு பின்னால் இருப்பவர்களே. அவர்களில் சங்கத்தினரும் உண்டு. இவ்வரியை நீக்கும் யோசனை செயற்குழுவில் ஏற்கப்படவில்லை.

எனவே, சிறுத்தையைக் கண்ட உறுப்பினர் எஞ்சினை நிறுத்தச் சொல்ல வேண்டும். பாதையை விட்டு வாகனத்தை இறக்கக் கூடாது. ஃபிளாஷ் பயன்படுத்தக் கூடாது. இடத்தை எவருக்கும் அறிவிக்கக் கூடாது. பின்னால் காத்திருப்பவர்களுக்கு இயன்றவரை விரைவில் இடம்விட வேண்டும்.

சங்கத்தின் கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு சிறுத்தைப் படத்துடனும், எடுத்த வேளையில் அங்கு எத்தனை வாகனங்கள் நின்றன என்பதை எழுதித்தர வேண்டும். அந்த எண் இல்லாத படம் சுவரில் ஏறாது.