சட்டம் வந்தது, பக்குவம் மாறியது

சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களைக் குழந்தைகளிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்று எந்த நாட்டில் பேச்சுக் கிளம்பினாலும் முதலாளிகள் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு. "ஜனங்கள் கேட்கிறார்கள், நாங்கள் செய்கிறோம், பக்குவத்தை மாற்றினால் ருசி கெட்டுவிடும்" என்பதே அது. இதன் யோக்கியதையைத் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டைக் கொண்டு பார்ப்போம்.

அங்கு 2016 ஜூன் 27 முதல் ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. சர்க்கரை, உப்பு முதலியவை சேர்த்து, குறித்த அளவைத் தாண்டிய பண்டத்தின் மேல் எண்கோணக் கறுப்பு முத்திரை போடவேண்டும். அதை 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு விளம்பரப்படுத்தவோ, பள்ளிக்கூடத்தில் விற்கவோ, டப்பாவின் மேல் புலிப் படம், பொம்மைப் படம் போட்டு மயக்கவோ கூடாது. அளவையும் படிப்படியாக இறுக்கினார்கள். 100 கிராம் திடப் பண்டத்தில் 22.5 கிராம் சர்க்கரை என்றிருந்த எல்லை 2018-இல் 15 ஆகவும், 2019-இல் 10 ஆகவும் இறங்கியது.

ருசி போயிற்றென்று கம்பெனிகள் கடையைக் கட்டிவிட்டனவா? இல்லவே இல்லை! சட்டத்திற்கு முன் 100-க்கு 51 பண்டங்கள் முத்திரைக்குரியவையாய் இருந்தன. அமுலுக்கு வந்த ஓராண்டுக்குள் அது 44 ஆயிற்றென்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தனர். இது தர்ம சிந்தனையாலா? அளவுக்குள் அடங்கினால் முத்திரை இல்லை. படமும் விளம்பரமும் பள்ளிக்கூட வியாபாரமும் உண்டு. ஆகவே எல்லையை ஒட்டி நின்றவர்கள் சர்க்கரையையும் உப்பையும் குறைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். மாற்ற முடியாதென்ற பக்குவம் லாபம் போகுமென்றவுடன் மாறிவிட்டது! குழந்தை மணத்தைத் தடுக்க 1929-இல் சாரதா சட்டம் வந்தபோது மதமே அழியுமென்று கூச்சலிட்டவர்களைக் கண்ட இயக்கத்திற்கு இது அதிசயமல்ல.

ஆனால் சட்டம் வந்ததென்று தூங்கிவிடவும் கூடாது. சர்க்கரையைக் குறைத்தவர்களில் பலர் அந்த இடத்தில் சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்றவைகளைக் கலந்தார்கள். சிலியின் சட்டம் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. குழந்தையின் நாக்கு தித்திப்புக்கு அடிமையாகவே நின்றது. மெக்சிகோவோ 2020-இல் முத்திரை முறை கொண்டுவந்தபோது, இத்தகைய இனிப்பூட்டிகள் கலந்தால் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையையும் சேர்த்துவிட்டது. சட்டம் எண்ணுவதை வியாபாரி குறைப்பான், எண்ணாததைக் கூட்டுவான். எதை எண்ணவேண்டுமென்று சொல்லும் வேலை ஜனங்களுடையது.

தோழர்களே! குழந்தைக்குப் புத்தி சொல்வது பெற்றோர் கடமைதான். ஆனால் பண்டம் கிண்டுகிறவனுக்குப் புத்தி வருவது அவன் லாபத்தில் கை வைத்தால்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.