கருத்து அவரவருக்கு, பாடம் எல்லோருக்கும்

நம் சங்கக் குடும்பங்களில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டு வருகிறது. ரயில்வே தேர்வு எழுதி உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் வேலைக்குப் போக விரும்பும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பாதுகாப்பாக இருக்குமா சார்?" நியாயமான கேள்வி. ஆனால் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்கள் என்ன எண்ணத்தோடு சொல்லித் தருகிறார்கள்? பெண்கள் இந்த வேலைக்கு வருவது பற்றி ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லையென்றால், துறைத் தலைவர் என்ன செய்கிறார்?

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள் நான் ஒரு ரயில்வே பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தினேன். ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தேன். பயிற்றுநர்கள் பல மாநிலத்தவர், பல வயதினர். மாணவர் வரிசையில் பெண்கள் வந்து உட்கார்ந்ததும், அதுவரை ஒற்றுமையாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஆசிரியர் அறை மூன்றாகப் பிரிந்தது. அந்த அனுபவத்திலிருந்து சில கருத்துகளை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், இது புதிய பிரச்சினை அல்ல. 1940-ஆம் ஆண்டையொட்டி கிண்டி பொறியியல் கல்லூரியில் லலிதா என்ற இளம் விதவை மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அவருடைய தந்தை பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோ இடம் கொடுத்தார். லலிதா படித்து முடித்தபோது, அச்சடித்த பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்தான் இருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். பிறகு அவர் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு பயிற்சியும் பெற்றார் என்பது எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்குப் பெருமை. அந்நாளில் அக்கல்லூரி ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மனத்தோடு அவரை வரவேற்றிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனாலும் வகுப்பு நடந்தது, தேர்வு நடந்தது, பட்டம் கிடைத்தது.

நாம் வாழும் மகாராஷ்டிரத்தை எடுத்துக்கொண்டால், சாத்தாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ் மின் பொறியியல் டிப்ளமோ படித்துவிட்டு, 1989-இல் மத்திய ரயில்வேயில் உதவி ஓட்டுநரானார். 2011 மார்ச் 8 அன்று புனேயிலிருந்து டெக்கான் குவீனை ஓட்டி வந்தார். 2023-இல் சோலாப்பூரிலிருந்து வந்தே பாரத் ரயிலையும் ஓட்டி வந்து, 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டார். நம்மவர்கள் நன்கறிந்த மாட்டுங்கா நிலையம் 2017-இல் முழுக்கப் பெண் ஊழியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பெண் பணியில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்ட பிறகும், "பெண்களால் முடியுமா?" என்ற விவாதம் ஆசிரியர் அறைகளில் ஓயவில்லை.

எங்கள் அறையில் இருந்த மூன்று கட்சிகளைச் சொல்கிறேன். முதல் கட்சி, "ஆணும் பெண்ணும் சமம், வேறு பேச்சே வேண்டாம்" என்றது. இரண்டாவது, "இது பெண்களுக்கு ஏற்ற வேலை அல்ல. இரவு பகல் பாராமல் லைனில் போக வேண்டியவர்களை ஏன் இங்கே அனுப்புகிறார்கள்?" என்றது. மூன்றாவது கட்சி இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டது. "பாவம், பெண் பிள்ளைகள். வந்துவிட்டார்கள். கொஞ்சம் விட்டுக் கொடுத்து, பாஸ் போட்டு அனுப்பிவிடுவோம்" என்பது அவர்கள் வாதம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டாவது கட்சிதான் ஆபத்து என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் மூன்றாவது கட்சிதான் அதிகக் கெடுதல் செய்யக் கூடியது. காரணம் சொல்கிறேன். ஒரு ரயில் தடம் புரண்டு பக்கத்துப் பாதையை அடைத்துவிட்டால், எதிரே வரும் வண்டியை நிறுத்த வேண்டும். உதவி ஓட்டுநர் சிவப்புக் கொடியோ விளக்கோ எடுத்துக்கொண்டு, டெட்டனேட்டர் என்னும் ஒலி வெடிகளோடு முன்னே ஓட வேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று தண்டவாளத்தில் பொருத்த வேண்டும். நள்ளிரவாக இருக்கலாம், மழையாக இருக்கலாம். அதைப் பயிற்சியில் தன் கையால் ஒரு தடவைகூடச் செய்யாமல், "நீ நின்று பாரம்மா, பையன்கள் செய்யட்டும்" என்று ஓரமாக நிறுத்தப்பட்ட பெண் அன்று என்ன செய்வாள்? இரக்கத்தால் கொடுத்த மதிப்பெண் அவளையும் காப்பாற்றாது, எதிர் வண்டியில் வரும் ஆயிரம் பேரையும் காப்பாற்றாது.

கப்ளிங் மாட்டுவதும், லோகோவுக்கு அடியில் இறங்கிப் பார்ப்பதும், சக்கரத்துக்கு ஆப்பு வைப்பதும் இப்படித்தான். கையில் கறை படியாமல் கற்க முடியாது. கையில் கறை படாமல் பார்த்துக்கொண்ட ஆசிரியர் நல்லவர் என்று பெயர் எடுக்கிறார். விலையைக் கொடுப்பது அந்தப் பெண்.

இப்படிக் கட்சி பிரிந்த துறையில் தலைவர் செய்யத் தூண்டப்படுவது இரண்டு. ஒன்று, எல்லோருடைய மனத்தையும் மாற்ற முயல்வது. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஒருநாள் பயிலரங்கம் நடத்துவார்கள். கையெழுத்துப் போட்டு, மதிய உணவு சாப்பிட்டு, குழுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, போன கருத்தோடே திரும்பி வருவார்கள். பயிலரங்கம் வீண் என்று சொல்லவில்லை. ஐம்பது வருட எண்ணம் ஒரு மத்தியானத்தில் மாறாது என்றுதான் சொல்கிறேன். இரண்டாவது தூண்டுதல், "இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது" என்று வாயைக் கட்டுவது. அறையில் அடக்கிய பேச்சு வகுப்பில் கிண்டலாகவும், செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணாகவும் வெளிவரும்.

என் தாழ்மையான கருத்தில் தலைவருடைய வேலை மனத்தை ஆள்வது அல்ல, பாடத்தை ஆள்வது. நாங்கள் செய்தது எளிய காரியம். ஒவ்வொரு மாணவரும் தன் கையால் செய்து காட்ட வேண்டிய வேலைகளைப் பட்டியலாக எழுதினோம். பக்கத்தில் இரண்டு கட்டம்: மாணவர் கையெழுத்து, பயிற்றுநர் கையெழுத்து. "பார்த்தார்" என்பதற்குக் கட்டம் கிடையாது. விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் மட்டும். வாய்மொழித் தேர்வில் எப்போதும் இருவர், வெவ்வேறு கருத்துடையவர்கள். பயிற்றுநர்கள் முறை மாறி மாறி எல்லாக் குழுக்களுக்கும் போக வேண்டும். யாருடைய கருத்தையும் யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் கருத்து மதிப்பெண்ணுக்குள் நுழையும் வழிகள் அடைபட்டன. திருக்குறளில் நடுவுநிலைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். நம் காலத்தில் அது நல்ல மனத்தை மட்டும் நம்பினால் போதாது, ஒரு நல்ல படிவமும் வேண்டும்.

அந்தப் பள்ளியில் மராட்டியரான மூத்த பயிற்றுநர் ஒருவர் இருந்தார். எல்லோரும் 'காகா' என்று அழைப்போம். ஓட்டுநராகப் பல ஆண்டுகள் ஓடி, பிறகு கற்பிக்க வந்தவர். பழுது கண்டுபிடிப்பதில் அவருக்கு இணை இல்லை. பெண்கள் வண்டி ஓட்டுவதில் அவருக்குச் சற்றும் உடன்பாடு இல்லை. அவரைப் பெண்கள் இருக்கும் வகுப்பிலிருந்து மாற்றிவிட வேண்டும் என்று முதல் கட்சியினர் வற்புறுத்தினார்கள். மாற்றியிருந்தால் நஷ்டம் யாருக்கு? பள்ளியின் மிகச் சிறந்த பாடம் அந்தப் பெண்களுக்கு மட்டும் கிடைக்காமல் போயிருக்கும். அவரிடம் பட்டியலைக் கொடுத்தபோது அவர் சொன்னார்: "சாஹேப், என் பேத்தியை நான் இந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன். ஆனால் என் முன்னால் வந்து உட்கார்ந்தவளுக்கு அரைகுறையாகச் சொல்லித் தர மாட்டேன்." அப்படியேதான் நடந்தார். ஆண், பெண் இருவரையும் ஒரே மாதிரி வறுத்தெடுத்தார். கருத்தை மாற்றிக்கொள்ளாமலே ஓய்வு பெற்றார். அவரிடம் படித்த பெண்கள் நன்றாகப் படித்து வெளியே போனார்கள்.

எதிர்க் கருத்து சொல்பவர்களிடம் காது கொடுத்துக் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி, உண்மையில் வசதிக் குறைவைப் பற்றியது. ரயில் எஞ்சின்களில் பல்லாண்டுகள் கழிவறையே கிடையாது. அண்மை ஆண்டுகளில்தான் பொருத்தத் தொடங்கியிருக்கிறார்கள். "எட்டு மணி நேரம் ஒரு பெண் எங்கே போவாள்?" என்று கேட்பவரைப் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிட்டால், அந்தக் கேள்வியும் குப்பைக்குப் போய்விடும். அதையே, "கழிவறை தேவை, உடை மாற்ற அறை தேவை, பெண்கள் கால் அளவுக்குப் பாதுகாப்புக் காலணி தேவை" என்று எழுதி மேலே அனுப்பினால் அது வேலைப் பட்டியல் ஆகிறது. கழிவறை ஆண் ஓட்டுநர்களுக்கும் வேண்டியதுதான். அவர்கள் இத்தனை காலம் வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவே.

ஆனால் எல்லாவற்றையும் 'கருத்து வேறுபாடு' என்று பொறுத்துக்கொள்ள முடியாது. மாணவிகள் எதிரில் அவர்களை இழிவாகப் பேசுவது கருத்து ஆகாது, ஒழுங்கீனம். அதை அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். தொல்லை என்று புகார் வந்தால், "நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று தலைவர் நடுவர் வேலை பார்க்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைமை ஒரு மூத்த பெண் ஊழியரிடம் இருக்க வேண்டும். புகார் போக வேண்டிய இடம் அதுதான்.

"ஆண்கள் ஏற்க மாட்டார்கள்" என்பதும் காரணம் ஆகாது. பெண் அதிகாரிகளின் தலைமையை ஏற்கப் படைவீரர்கள் மனத்தளவில் தயாராக இல்லை என்ற வாதம் ராணுவ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. நம் புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து 2025 மே மாதம் முதல் அணியாக 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள்.

துறையில் ஒரே ஒரு பெண் ஆசிரியை இருந்தால் அவர் நிலைமையையும் கவனிக்க வேண்டும். விருந்தினர் வந்தால் பூங்கொத்து கொடுக்க அவர், குத்துவிளக்கு ஏற்ற அவர், மாணவிகளின் எந்தச் சிக்கலுக்கும் அவர். கடைசியில் அவருக்குப் பாடம் நடத்த நேரம் இருக்காது. மாணவிகளின் பொறுப்பு துறை முழுவதற்கும் உரியது. எந்தக் கட்சியைச் சேர்ந்த ஆசிரியராக இருந்தாலும் அவருக்கும் அதில் பங்கு உண்டு.

இவையெல்லாம் ரயில்வேக்கு மட்டும் உரியவை அல்ல. நம் குடும்பங்களிலிருந்து பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் துறைத் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் இடத்துக்கேற்ப இதைப் போல ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், விடுதியைப் பார்ப்பதோடு நிற்காமல், "செய்முறை வகுப்பில் என் மகள் கையில் ஸ்பேனர் கொடுப்பீர்களா?" என்றும் கேட்கட்டும். நம் சங்கமும் ரயில்வே தேர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டு வகுப்பு ஒன்று தொடங்கி, பெண் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கலாம். வாரம் இரண்டு மணி நேரம் வந்து சொல்லித் தர நான் தயார். செயற்குழு ஆவன செய்யும் என்று நம்புகிறேன்.