உரியாத தேங்காயும் உடையாத கருவியும்

பிள்ளையார் வாசலிற் சிதறு தேங்காய் அடிப்பதைக் காணாதார் நம் திருகோணமலையில் இலர். உரித்த தேங்காய் கல்லிற் பட்ட அளவிலே பல கூறாய்த் தெறிக்கின்றது. அதே தேங்காய் உரியாத நிலையில் 50 அடி உயரத்து மரத்தினின்று வீழ்ந்தாலும் ஓடு பிளவாமற் கிடக்கின்றது. ஓட்டின் வன்மை இரண்டிடத்தும் ஒன்றே. காத்தது வன்மையன்று, ஓட்டைச் சூழ்ந்திருந்த மென்மையான மட்டையே. இவ்வுண்மையை நாம் நாள்தோறும் கண்டும், விலையுயர்ந்த இலத்திரனியற் கருவிகளைக் கையாளும்போது மறந்துவிடுகின்றோம் என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுந்தது.

பௌதிகம் பயின்றோர் இதனை ஒரு சிறு கணக்கால் அறிவர். ஒரு மீற்றர் உயரத்தினின்று வீழும் பொருள், தரையை அடையுங்கால் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர் வேகம் பெறுகின்றது. அவ்வேகம் 1 மில்லிமீற்றர் தூரத்துள் அடங்க நேர்ந்தால், பொருள் தாங்கவேண்டிய அமர்முடுகல் புவியீர்ப்பின் ஆயிரம் மடங்கு. 5 சென்ரிமீற்றர் தூரத்துள் மெல்ல மெல்ல அடங்கினாலோ, அது 20 மடங்கே. வீழ்ச்சி ஒன்றே, நிற்பதற்குக் கிடைத்த இடந்தான் வேறு. வன்மையான பெட்டி அவ்விடத்தைத் தருவதில்லை. ஆகவே "இரும்புப் பெட்டியில் வைத்தேன், இனிப் பயமில்லை" என்று கூறுவோர் தேங்காயை உரித்துவிட்டே அனுப்புகின்றனர். பெட்டி நெளியாது வந்து சேரும். உள்ளிருக்கும் வன்றட்டோ அன்றே பழுதுற்றிருக்கும். சுழலும் வன்றட்டில், தகட்டிற்கும் அதனைப் படிக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி 10 நனோமீற்றருக்கும் குறைவு. நம் தலைமயிரின் தடிப்பு அதனிலும் பல்லாயிரம் மடங்கு பெரிது.

நம் துறைமுகத்தை ஆண்ட கடற்படையினரும் இப்பாடத்தை எளிதிற் கற்றாரல்லர். 1942 ஏப்பிரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, அவற்றைத் தொலைவிலேயே கண்டறிந்தது கரையிலிருந்த ரேடார் நிலையம். போரின் கண்ணாக ரேடார் மாறிய காலம் அது. அக்கண் எத்துணை மென்மையானது என்பதற்கு முந்திய ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்று. 1941 மே 23 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பலான பிஸ்மார்க் தன் பெரும் பீரங்கிகளைச் சுட்டது. அந்த அதிர்ச்சியிலேயே அதன் முன்புற ரேடார் செயலிழந்தது. பகைவரின் குண்டு அதனைத் தொடவேயில்லை! துணைக் கப்பலை முன்னே செல்லவிட்டுப் பெருங்கப்பல் பின்தொடர வேண்டியதாயிற்று. பிரித்தானியரின் பெல்பாஸ்ற் என்னும் கப்பலுக்கு 1939 நவம்பர் 21 அன்று நேர்ந்ததும் இத்தகையதே. காந்தக் கண்ணிவெடி ஒன்று அதன் கீழே வெடித்தது. வெளியோட்டிற் பெருந்துளை இல்லை; உள்ளேயோ இயந்திரங்களும் கருவிகளும் அதிர்ச்சியால் நொறுங்கிக் கிடந்தன. 1942 நவம்பர் வரை அக்கப்பல் சேவைக்குத் திரும்பவில்லை.

ஆயினும் பலவீனமான பொருளையும் பேரதிர்ச்சிக்குப் பழக்கலாம் என்பதையும் அந்தப் போரே காட்டிற்று. அமெரிக்காவில் மேள் ரூவ் என்பாரின் தலைமையில் விஞ்ஞானிகள், இலக்கை அணுகியதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டை ஆக்கினர். அதனுள் கண்ணாடி வால்வுகள் கொண்ட வானொலிக் கருவி ஒன்று இருந்தது. சுடுங்கணத்தில் அது தாங்கவேண்டியிருந்தது புவியீர்ப்பின் 20,000 மடங்கு! செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவிக்கென ஆக்கப்பட்ட சிறு வால்வுகளை எடுத்து வலுப்படுத்தி, இடைவெளிகளை மெழுகால் நிரப்பி, எதுவும் அசையாதபடி செய்தனர். 1943 சனவரியில் ஹெலெனா என்னும் கப்பல் அக்குண்டினால் விமானம் ஒன்றை வீழ்த்திற்று. சிறியதும் இலேசானதுமான பொருளுக்குத் தன் எடையே பகையாவதில்லை. எறும்பு கூரையினின்று வீழ்ந்தும் நடந்து செல்வதைக் காண்கிறோமன்றோ?

எனவே வழிகள் இரண்டு. மெல்ல அடங்க இடங்கொடுத்தல் ஒன்று. எள்ளளவும் அசையாமற் பதித்தல் மற்றொன்று. இரண்டுமற்ற நடுநிலையே கேடு. பாதி நிரம்பிய பெட்டியுட் கருவி உருண்டு, கபரணையிலிருந்து கந்தளாய் வழியாக லொறி குலுங்குந்தோறும் சுவரில் மோதிக்கொண்டு வருமாயின், அதனைக் காக்க யாராலும் இயலாது.

வீழ்ச்சியினும் கொடியது ஒன்றுண்டு. அது கையின் முரட்டுத்தனம். பொருந்தாத முனையை அழுத்திச் செருகுதல், திருகாணியை முறுக்குமட்டும் முறுக்குதல், சுற்றுப்பலகையை ஒரு மூலையிற் பிடித்து வளைத்தல் ஆகியவற்றை நம்மவர் குற்றமாகக் கருதுவதில்லை. பலகை வளையும்போது அதன்மேற் பற்றவைத்த பீங்கான் கொள்ளளவிகள் கண்ணுக்குத் தெரியாதபடி வெடிக்கின்றன. கருவி அன்று இயங்கும், மறுநாளும் இயங்கும். சில திங்கள் கழிந்து, ஈரம் அவ்வெடிப்பினுட் புகுந்தபின் ஒருநாள் அணைந்துவிடும். உடனே "உப்புக் காற்று அரித்துவிட்டது" என்கிறோம். நம் ஊர்க் கடற்காற்றின்மேற் சுமத்தப்படும் பழியிற் பாதி, திருகாணி முடுக்கிய கைக்கு உரியது என்பது என் எண்ணம்.

இது பாடசாலைக் கணினியோடு முடியும் காரியமாயின் இத்துணை எழுதியிரேன். கொட்பேயிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் பல நாட் படகுகளை எண்ணுக. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்கு விதித்த தடை 2016இல் நீங்கிற்று. அதற்கு ஆற்றிய பணிகளுள் ஒன்று, ஆழ்கடற் படகுகளிற் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தியமை. அக்கருவி ஊமையானால் படகு எங்கே நிற்கின்றதென்று கரையில் எவரும் அறியார். வானொலியும் வழிகாட்டியும் அவ்வாறே. அலைமேல் எழுந்து அறைந்து விழும் படகில், இயந்திரத்தின் அருகே, பலகையோடு பலகையாக இறுக்கப்பட்ட கருவி எத்தனை நாள் உழைக்கும்? நான்கு இறப்பர்த் துண்டுகளின் விலை, ஒரு நாட் கறிச் செலவுக்கும் வாராது.

வெளிநாடுகளிலிருந்து கல்லூரிக்குக் கருவிகள் அனுப்பும் பழைய மாணவர், பொருளுக்குச் செலவிடும் கவனத்திற் பத்தில் ஒன்றையேனும் பொதிக்குச் செலவிடுவாராக. ஊருக்குள் இடம் மாற்றுவதற்கு நம் நாட்டுத் தும்பே போதும். தூசும் ஈரமும் அணுகாதபடி கருவியை முதலில் உறையிலிட்டு மூடுதல் வேண்டும். தொழினுட்பப் பிரிவு மாணவருக்கு ஆசிரியர்கள் ஒரு சோதனையும் தரலாம். சுண்ணக்கட்டிகளைத் தும்பிடையே வைத்துப் பெட்டியை ஒரு மீற்றர் உயரத்தினின்று சீமெந்துத் தரையில் விடுக. தும்பின் தடிப்பை ஒவ்வொரு சென்ரிமீற்றராக மாற்றுக. அளவு மீறித் திணித்து இறுக்கியும் பார்க்க. எத்தடிப்பிற் கட்டி முறியாது தங்குகின்றதென்று குறித்து வைத்தால், அக்குறிப்பைக் கொட்பேயிற் கருவி பூட்டுவோரிடமும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.